மனித இயல்பு: மாக்கியவெல்லி முதல் ரூசோ வரை மூல நூல்களோடு படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அரசியல் அறிவியல் நோட்ஸ் எதைப் புரட்டினாலும், ஐரோப்பிய அரசியல் சிந்தனையாளர்கள் மனித இயல்பைப் பற்றிச் சொன்னதை ஒவ்வொரு வரியில் சுருக்கிய அந்த அட்டவணை கண்ணில் படும். ஹாப்ஸ்: மனிதன் கெட்டவன். லாக்: மனிதன் நல்லவன். ரூசோ: மனிதன் ரொம்ப நல்லவன், சமூகம்தான் அவனைக் கெடுத்தது. சில நோட்ஸில் மாக்கியவெல்லிக்கும் ஒரு வரி உண்டு: மனிதன் நன்றி கெட்டவன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது போதும்தான். மூல நூலைத் திறந்தால் அட்டவணை நிற்காது. மனித ஆசைகளில் தம்மளவில் பாவம் ஏதுமில்லை என்று எழுதியவர் ஹாப்ஸ். குழந்தைகளுக்குச் சுதந்திரம் பிடிக்கும், அதைவிடப் பிறரை அடக்கி ஆள்வது பிடிக்கும் என்று எழுதியவர் லாக். ரூசோவின் ஆதிமனிதனோ நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. அந்தச் சொற்கள் பொருந்தும் அளவுக்கு அவனுக்குப் பிறரோடு உறவே கிடையாது.

மனிதர்கள் எதனால் மோதிக்கொள்கிறார்கள், அந்த மோதலை எந்த ஏற்பாடு தாங்கும்? நால்வரும் உண்மையில் கேட்ட கேள்வி இது என்பது என் கட்சி. நல்லவனா கெட்டவனா என்ற தீர்ப்பு அவர்களுக்கு இரண்டாம்பட்சம். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

எதைக் கையில் எடுப்பது

முழு நூல்களும் வேண்டாம். மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ நூலில் 15 முதல் 18 வரையுள்ள அத்தியாயங்கள். ஹாப்ஸின் ‘லெவியத்தான்’ நூலில் 11, 13, 17. லாக்கின் ‘அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரை’யில் 2, 3, 5, 7, 9. ரூசோவின் ‘மனிதர்களிடையே சமத்துவமின்மையின் தோற்றம்’ பற்றிய உரையை மட்டும் முழுதாகப் படியுங்கள், பின்குறிப்புகளையும் விடாமல். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துபோன நூல்கள் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஹாப்ஸின் பழைய ஆங்கிலம் முதலில் மிரட்டும். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

படி 1: ஆண்டையும் ஆபத்தையும் எழுதுங்கள்

ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் போதும்: எழுதிய காலம், அவர் கண்ணெதிரே இருந்த ஆபத்து.

மாக்கியவெல்லி 1498 முதல் 1512 வரை ஃபுளோரன்ஸ் குடியரசின் அதிகாரி. தூது போனார், குடிமக்கள் படை திரட்டினார். 1512இல் நகரை முன்பு ஆண்ட மெடிச்சி குடும்பம் திரும்பி வந்ததும் வேலை போனது. அடுத்த ஆண்டு ஒரு சதி வழக்கில் சந்தேகப்பட்டு, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கி விசாரித்தார்கள். விடுதலையாகி நகருக்கு வெளியே தன் பண்ணை வீட்டில் இருந்தபோது எழுதியதுதான் ‘இளவரசன்’. மாலையானதும் சேறு படிந்த உடையைக் கழற்றி, அரசவைக்குப் போகும் உடையை அணிந்துகொண்டு பண்டைய ஆசிரியர்களைப் படிக்க உட்காருவேன் என்று 1513 டிசம்பரில் நண்பர் வெத்தோரிக்கு எழுதினார். நூல் அச்சேறியது 1532இல், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து. அவர் கண்ட ஆபத்து: அரசுகள் கவிழ்கின்றன, நல்லவர்களும் சேர்ந்தே கவிழ்கிறார்கள்.

ஹாப்ஸ் பிறந்தது 1588இல். ஸ்பெயினின் கப்பற்படை வருகிறது என்று இங்கிலாந்தே நடுங்கிய ஆண்டு. தன் தாய் தன்னையும் அச்சத்தையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றாள் என்று முதுமையில் அவரே எழுதினார். 1640இல் பாரிஸுக்குப் போய்விட்டார். உள்நாட்டுப் போர் மூண்டதும், 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டதும் அவர் அங்கே இருந்தபோதுதான். ‘லெவியத்தான்’ 1651இல் வந்தது. ஆபத்து: உள்நாட்டுப் போர்.

லாக்கின் புரவலர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, இங்கிலாந்து மன்னரின் தம்பியும் கத்தோலிக்கருமான ஜேம்ஸ் அரியணை ஏறக் கூடாது என்று போராடிய அணியின் தலைவர். அணி தோற்றது. 1683இல் லாக் ஹாலந்துக்குத் தப்பினார். 1689இல் ஊர் திரும்பி, தன் பெயரைப் போடாமலேயே நூலை வெளியிட்டார். ஆபத்து: சட்டத்துக்கு அடங்காத மன்னன்.

ரூசோவின் கண்ணெதிரே போர் எதுவும் இல்லை. ஜெனீவாவில் கடிகாரம் செய்பவரின் மகன், பாரிஸின் செல்வந்தர் வரவேற்பறைகளில் உட்கார்ந்து புழுங்கியவர். மனிதர்களிடையே சமத்துவமின்மை எங்கிருந்து வந்தது என்று பிரான்ஸின் டிஜோன் நகர அறிஞர் கழகம் 1753இல் ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தது. ரூசோ எழுதினார், பரிசு கிடைக்கவில்லை, 1755இல் நூலாக்கினார். ஆபத்து: பிறர் கண்ணில் உயர்ந்து நிற்பதற்காகவே வாழும் வாழ்க்கை.

ஓர் எச்சரிக்கை. வாழ்க்கை வரலாறு வாதத்துக்குப் பதில் ஆகாது. பயந்த சுபாவம், அதனால் அப்படி எழுதினார் என்று ஹாப்ஸை முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அவர் 91 வயது வரை வாழ்ந்து, பிஷப்புகள் முதல் கணித அறிஞர்கள் வரை எல்லோரோடும் சண்டை போட்டவர்.

படி 2: சண்டை தொடங்கும் இடத்தைத் தேடுங்கள்

இதற்கு ‘லெவியத்தான்’ 13ஆம் அத்தியாயத்தைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை. சில பக்கங்கள்தான். பென்சிலோடு உட்காருங்கள்.

ஹாப்ஸ் தொடங்குவது தீமையிலிருந்து அல்ல, சமத்துவத்திலிருந்து. எவ்வளவு பலவீனமானவனும் சூழ்ச்சி செய்தோ, ஆள் சேர்த்தோ, எவ்வளவு பலசாலியையும் கொன்றுவிட முடியும். அறிவில் இன்னும் அதிகச் சமம் என்கிறார். அதற்கு அவர் தரும் சான்று சுத்த நக்கல்: தனக்குக் கிடைத்த அறிவின் பங்கு போதாது என்று எவனும் குறைப்படுவதில்லையே, சமமாகப் பங்கிட்டதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? திறமை சமம் என்பதால் ஆசைப்பட்டதை அடையலாம் என்ற நம்பிக்கையும் சமம். இருவர் ஒரே பொருளை விரும்பி, இருவருக்கும் அது கிடைக்க வழியில்லை என்றால் பகை.

அடுத்து மூன்று காரணங்களை வரிசையாக வைக்கிறார்: போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. முதலாவது ஆதாயத்துக்கு, இரண்டாவது பாதுகாப்புக்கு, மூன்றாவது பெயருக்கு. பெரும்பாலான நோட்ஸ் முதலாவதோடு நின்றுவிடும். முழு வாதத்தின் முதுகெலும்பு இரண்டாவதில் இருக்கிறது. உங்கள் நிலத்தின் மேல் எனக்கு ஆசையே இல்லை என்று வையுங்கள். என் நிலத்தின் மேல் உங்களுக்கு ஆசை இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்க நீதிமன்றம் இல்லை, தடுக்கக் காவலர் இல்லை. நீங்கள் முந்துவதற்குள் நான் முந்திக்கொள்வதே விவேகம். நீங்களும் அங்கே உட்கார்ந்து இதையே யோசிக்கிறீர்கள். இருவருமே பேராசைக்காரர்கள் இல்லை, இருந்தும் அடிதடி நிச்சயம். கெட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், யார் கெட்டவர் என்று பிரித்துப் பார்க்க முடியாததால் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது என்று 1642இல் வந்த ‘குடிமகன்’ நூலுக்குப் பின்னர் சேர்த்த முன்னுரையில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதும் சாதாரணமானதல்ல. ஒரு சொல், ஒரு சிரிப்பு, ஒரு மாற்றுக் கருத்து, தன்னை மட்டம் தட்டுவதாகப் படும் எதுவும் போதும் என்கிறார். வாட்ஸ்அப் குழு நிர்வாகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் புகழ்பெற்ற அந்த வரி வருகிறது: அரசு இல்லாத நிலையில் வாழ்க்கை தனிமையானது, வறியது, அருவருப்பானது, விலங்குத்தனமானது, குறுகியது. எல்லோரும் இதை மேற்கோள் காட்டி நூலை மூடிவிடுகிறார்கள். அடுத்த பத்தியைப் படியுங்கள். நம்பாதவன் தன்னையே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார் ஹாப்ஸ். பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய், துணை தேடுகிறாய். தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறாய். வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய், அதுவும் சட்டமும் அதிகாரிகளும் இருக்கும் நாட்டில். உன் பிள்ளைகளையும் வேலையாட்களையும் பற்றி என்ன நினைக்கிறாய்? நான் சொல்லால் சொல்லும் குற்றச்சாட்டை நீ செயலால் சொல்லவில்லையா? உடனே ஒரு வரி சேர்க்கிறார்: நாம் இருவருமே இதில் மனித இயல்பைக் குற்றம் சாட்டவில்லை. ‘கெட்டவன்’ என்ற தீர்ப்பை எழுதும் முன் இந்த வரிக்கு அடிக்கோடிடுங்கள்.

அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி பதிவு செய்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு வயோதிகப் பிச்சைக்காரருக்கு ஹாப்ஸ் காசு போட்டார். கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டால் போட்டிருப்பீர்களா என்று உடனிருந்த மதகுரு கேட்டார். போட்டிருப்பேன், அந்த முதியவரின் நிலை எனக்கு வேதனை தந்தது, காசு அவருக்கு நிம்மதி தந்து என்னையும் நிம்மதியாக்கியது என்றாராம். சுயநலவாதி என்ற முத்திரைக்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்களும் உண்டு, மறுப்பாகக் காட்டுபவர்களும் உண்டு. எனக்கு இது மறுப்பாகத்தான் படுகிறது. பிறர் துன்பம் கண்டு வலிக்காதவனுக்கு அந்த நிம்மதியே தேவைப்பட்டிருக்காது.

படி 3: ‘இயற்கை நிலை’யை வரலாறாகப் படிக்காதீர்கள்

இயற்கை நிலை என்பது அரசே இல்லாத நிலை. இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் அப்படி இருந்ததில்லை என்று ஹாப்ஸே ஒப்புக்கொள்கிறார். அவருக்கு அது அரசு நொறுங்கினால் என்ன மிஞ்சும் என்ற கணக்கு. லாக்குக்கு அது பொது நீதிபதி இல்லாத எந்த இருவரின் உறவும்: அமெரிக்கக் காட்டில் பண்டமாற்றுச் செய்யும் ஒரு சுவிஸ்காரரும் ஒரு பூர்வகுடியும்கூட அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ரூசோ தொடக்கத்திலேயே உண்மை நிகழ்வுகளை ஓரமாக வைத்துவிடுவோம் என்று அறிவித்துவிடுகிறார். ‘இப்படி ஒரு காலம் இருந்ததா’ என்று கேட்டு இவர்களை மடக்கியதாக நினைத்துக்கொள்வது வீண் உழைப்பு.

படி 4: பிறவியில் வந்தது எது, பிறகு ஒட்டியது எது

இது ரூசோவின் பகுதி, மெதுவாகப் போக வேண்டிய பகுதி. அவர் ஹாப்ஸின் வாதத்தை மறுக்கும் விதம் அழகானது. சண்டைக்குப் புகழாசை காரணம் என்பதை ஏற்றுக்கொள்கிறார். அது பிறவிக் குணம் என்பதைத்தான் ஏற்க மறுக்கிறார். காட்டு மனிதனைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு நாட்டு மனிதனை வரைந்து வைத்திருக்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

அவர் கணக்கில் பகுத்தறிவுக்கும் முந்தையவை இரண்டு: தன்னைக் காத்துக்கொள்ளும் உந்துதல், இன்னோர் உயிர் துன்புறுவதைக் கண்டால் எழும் இரக்கம். இதற்கு அவர் அழைக்கும் சாட்சி யார் தெரியுமா? தனிமனிதத் தீமைகளே பொது நன்மைக்கு அடிப்படை என்று தேனீக் கதை எழுதிய மாண்டவில். அந்த மனிதரே, சிறைக்குள்ளிருந்து ஒருவன் வெளியே ஒரு விலங்கு தாயிடமிருந்து குழந்தையைப் பறித்துக் கிழிப்பதைப் பார்க்கும் காட்சியை எழுதும்போது, எவ்வளவு கல்நெஞ்சனும் பதறுவான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார் பாருங்கள் என்கிறார் ரூசோ.

பிறகு எப்படிக் கெட்டது? ஒரே நாளில் இல்லை. இரண்டாம் பகுதியில் குடிசைகள் வருகின்றன, குடும்பங்கள் வருகின்றன. மாலையில் குடிசைகளின் முன்னாலோ ஒரு பெரிய மரத்தைச் சுற்றியோ கூடிப் பாடி ஆடுகிறார்கள். அங்கேதான் ஒவ்வொருவரும் பிறரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், பிறர் தன்னைப் பார்க்க வேண்டும் என்றும் விரும்புகிறார்கள். நன்றாகப் பாடுபவன், ஆடுபவன், அழகன், வலியவன், பேச்சில் வல்லவன் அதிகம் கவனிக்கப்படுகிறான். சமத்துவமின்மைக்கும் தீமைக்கும் முதல் அடி அதுதான் என்கிறார். வேலியோ வாளோ இன்னும் வரவில்லை, வெறும் ஆட்டம் பாட்டம். முழு நூலிலும் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

இங்கே இரண்டு வகைத் தன்னன்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் ‘ஆமூர் த ஸ்வா’ என்பது பசித்தால் உண்பது, ஆபத்தில் விலகுவது போன்ற தன்பேணல், விலங்குக்கும் உண்டு. ‘ஆமூர் ப்ரோப்ர்’ என்பது பிறரோடு ஒப்பிட்டு என்னை எடைபோடும் தன்னகங்காரம், பிறர் இல்லாமல் அது பிறக்கவே முடியாது. 15ஆம் பின்குறிப்பில் இதை ரூசோ விளக்குகிறார். பின்குறிப்புகளை விடாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

அதன் பிறகு இரும்பும் தானியமும், அவற்றோடு நில உடைமையும் வருகின்றன. ஒரு நிலத்தை வளைத்து ‘இது என்னுடையது’ என்று சொல்லி, அதை நம்பும் அப்பாவிகளையும் கண்டுகொண்டவன்தான் நாகரிகச் சமூகத்தின் உண்மையான நிறுவனர். இறுதியில் பணக்காரர்கள் ஏழைகளிடம் ‘எல்லோரையும் காக்கச் சட்டம் வைத்துக்கொள்வோம்’ என்று பேசிச் சம்மதம் வாங்குகிறார்கள். ஹாப்ஸும் லாக்கும் அமைதி ஒப்பந்தம் என்று போற்றியதை ரூசோ ஏமாற்று ஒப்பந்தமாகக் காட்டும் இடம் இது.

‘காட்டுக்குத் திரும்புங்கள்’ என்று அவர் சொன்னதாக நோட்ஸில் எழுதாதீர்கள். கரடிகளோடு வாழத் திரும்ப வேண்டுமா என்ற கேள்வியை அவரே 9ஆம் பின்குறிப்பில் எழுப்பிக் கிண்டல் செய்கிறார். உங்கள் நூலைப் படித்தால் நாலுகாலில் நடக்க ஆசை வருகிறது என்று 1755இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எழுதிய கடிதம்தான் அந்தத் தவறான புரிதலுக்கு வண்ணம் பூசியது. ரூசோ மனிதகுலத்தின் மகிழ்ச்சியான காலமாகக் கருதியது முதல் காட்டு நிலையை அல்ல, அந்தக் குடிசைக் காலத்தை.

படி 5: கண்டறிவா, முன்னெச்சரிக்கையா

மாக்கியவெல்லியை நான் இவ்வளவு தாமதமாக வைப்பது வேண்டுமென்றே. முதலில் படித்தால் மிரட்டுவார். 17ஆம் அத்தியாயத்தில் மனிதர்கள் நன்றி கெட்டவர்கள், நிலையற்றவர்கள், பாசாங்குக்காரர்கள், ஆபத்தைக் கண்டு ஓடுபவர்கள், ஆதாயத்துக்கு அலைபவர்கள் என்று அடுக்குகிறார். ஆபத்து தூரத்தில் இருக்கும்வரை உனக்காக உயிரையும் பிள்ளைகளையும் தருவதாகச் சொல்வார்கள், கிட்டே வந்தால் திரும்பிக்கொள்வார்கள். தந்தை செத்ததை மறப்பார்கள், பரம்பரைச் சொத்து போனதை மறக்க மாட்டார்கள்.

இனி அவருடைய ‘லிவியின் முதல் பத்து நூல்கள் பற்றிய உரைகள்’ நூலைத் திறந்து முதல் புத்தகத்தின் 3ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். குடியரசுக்குச் சட்டம் இயற்றுபவர் எல்லா மனிதரும் தீயவர் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். ‘வைத்துக்கொள்ள வேண்டும்’ என்பதுதான் விஷயம். அதே புத்தகத்தின் 58ஆம் அத்தியாயத்தில் மக்கள் கூட்டம் மன்னனைவிட விவேகமானது, நிலையானது என்று வாதாடுகிறார். 27ஆம் அத்தியாயத்தில் இத்தாலியின் பெருஜியா நகரின் கொடுங்கோலன் பாக்லியோனியின் கதை. 1506இல் போப் இரண்டாம் ஜூலியஸ் தன் படைக்குக் காத்திராமல் நகருக்குள் நுழைந்துவிட்டார். உறவினரைக் கொன்று ஆட்சிக்கு வந்தவன் அவரைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மனிதர்களுக்கு முழுசாக நல்லவராக இருக்கவும் தெரியாது, முழுசாகக் கெட்டவராக இருக்கவும் தெரியாது என்று முடிக்கிறார் மாக்கியவெல்லி.

ஆக, மனிதர் தீயவர் என்பது அவரிடம் பெரும்பாலும் சட்டம் வரைபவருக்கான முன்னெச்சரிக்கை. இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம். அரசமைப்பை வகுக்கும்போது ஒவ்வொரு மனிதனையும் அயோக்கியன் என்றே கருத வேண்டும், நடைமுறையில் அது பொய்யாக இருந்தாலும் அரசியலில் அது உண்மை என்று 1741இல் ஒரு கட்டுரையில் எழுதினார். எந்த நூலிலும் மனித இயல்பு பற்றிய வாக்கியம் கண்ணில் பட்டால் ஓரத்தில் ‘க’ அல்லது ‘மு’ என்று குறியுங்கள்: கண்டறிவு, முன்னெச்சரிக்கை. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

படி 6: இயல்பை ஏற்பாட்டோடு முடிச்சுப் போடுங்கள்

அவநம்பிக்கைதான் நோய் என்றால், எல்லோரும் அஞ்சும் ஒரே அதிகாரம்தான் மருந்து. ஹாப்ஸின் பிரிக்க முடியாத இறைமை இப்படித்தான் வருகிறது. வாள் இல்லாத உடன்படிக்கை வெறும் சொல் என்று 17ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார்.

லாக் இங்கேதான் உள்ளே நுழைகிறார். அவருடைய இயற்கை நிலையில் சட்டம் உண்டு. பகுத்தறிவே அந்தச் சட்டம், பிறர் உயிரையும் உடைமையையும் தீண்டாதே என்கிறது. அப்படியானால் அரசு எதற்கு? அந்தச் சட்டத்தை மீறியவனைத் தண்டிக்கும் அதிகாரம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது, தன் வழக்கில் தானே நீதிபதியானால் தன்னன்பு பாரபட்சம் காட்டும், கோபமும் பழியும் வரம்பு மீறும். இதைச் சொன்னவரை ‘மனிதன் நல்லவன்’ என்ற கட்டத்தில் எப்படி அடைப்பது? சரி, பாரபட்சம்தான் நோய் என்றால் மன்னனும் மனிதன்தானே, அவனுக்கு அந்த நோய் இல்லையா என்று ஹாப்ஸின் அணியைப் பார்த்துக் கேட்கிறார். மரநாய்க்கும் நரிக்கும் பயந்தவர்கள் சிங்கத்துக்கு இரையாவதைப் பாதுகாப்பு என்று நினைப்பார்களா என்பது 7ஆம் அத்தியாயத்தில் அவர் வைக்கும் அடி. தெரிந்த சட்டம், நடுநிலையான நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் பலம் ஆகிய மூன்றும் இல்லாததே குறை என்று 9ஆம் அத்தியாயத்தில் பட்டியலிடுகிறார்.

ரூசோவுக்கு மருந்து இரண்டு பாத்திரங்களில், இரண்டும் 1762இல்: ஒப்பிட்டு வதங்காத பிள்ளையை வளர்க்க ‘எமில்’, ஒருவன் இன்னொருவனுக்குக் கட்டுப்படாமல் பொது விருப்பத்துக்கு மட்டும் கட்டுப்படும் அரசுக்குச் ‘சமூக ஒப்பந்தம்’. இரண்டாவது வேலை செய்யுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முதலாவதில் வரும் ஆசிரியர், பிள்ளைக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் திட்டமிடுகிறார். சுதந்திரம் கற்பிக்க விசித்திரமான வழி.

இந்தப் படியை முடித்ததும் ஒரு பயிற்சி செய்யுங்கள். ஹாப்ஸின் பூட்டிய பெட்டியை மற்ற மூவரிடமும் காட்டி, ஒவ்வொருவர் பதிலையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். ரூசோ பெட்டிக்குள் இருப்பது எப்போது உன்னுடையதாயிற்று என்று கேட்பார். லாக் பூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சாவி யாரிடம் என்பார். மாக்கியவெல்லியின் பதிலை நீங்களே எழுதுங்கள். மூன்றில் கடினமானது அதுதான்.

படி 7: இந்த ‘மனிதன்’ யார்?

எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்றால் எல்லாப் பெண்களும் எப்படி அடிமைகளாகப் பிறக்கிறார்கள் என்று ஆங்கில எழுத்தாளர் மேரி ஆஸ்டெல் 1706இல், திருமணம் பற்றிய தன் நூலின் மூன்றாம் பதிப்பு முன்னுரையில் கேட்டார். ‘எமில்’ ஐந்தாம் புத்தகத்தில் சோஃபி என்ற பெண்ணை ஆணுக்குப் பிடித்தவளாக இருக்கவே வளர்க்கச் சொல்கிறார் ரூசோ. பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் திருப்பித் தாக்கியது ரூசோவின் ஆயுதத்தாலேயே: பெண்ணின் பலவீனம் என்று நீங்கள் சொல்வது பிறவி அல்ல, வளர்ப்பு. படி 4இன் கேள்வியை அதைக் கேட்டவர் மீதே பாய்ச்சிவிட்டார்.

லாக்கையும் இந்தக் கேள்விக்கு உட்படுத்துங்கள். ஆதியில் உலகம் முழுவதும் அமெரிக்காவாக இருந்தது என்று 5ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். உழைப்பைக் கலந்தால் நிலம் உடைமையாகும் என்ற அதே அத்தியாயத்தில், உழாத நிலம் வீண் நிலம் என்ற முடிவும் இருக்கிறது. வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு இதன் விளைவு என்ன என்று யோசியுங்கள். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பங்குகள் வைத்திருந்தார். அடிமைகள் மேல் உடைமையாளருக்கு முழு அதிகாரம் தந்த 1669ஆம் ஆண்டு கரோலினா (அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றம்) அரசமைப்பின் வரைவிலும் செயலாளராக அவருக்குப் பங்கு உண்டு. இதனால் அவர் வாதங்கள் பொய்யாகிவிடாது. ‘எல்லோரும்’ என்று அவர் எழுதும் இடங்களில் மட்டும் நின்று படிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து எங்கே

நால்வரையும் முடித்தவர்களுக்கு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவின் ‘அரசியல் ஆய்வுரை’யின் முதல் அத்தியாயத்தைச் சொல்வேன். மனிதச் செயல்களைக் கேலி செய்யாமல், புலம்பாமல், சபிக்காமல் புரிந்துகொள்ள முயல்கிறேன் என்று எழுதியவர் அவர். மனம் மாறி, அரசு ஒப்பந்தத்தால் பிறந்தது என்பவர்களை எதிர்த்துப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் ஹ்யூம் 1748இல் எழுதிய ‘மூல ஒப்பந்தம்’ கட்டுரை சின்னது. இன்றிருக்கும் அரசுகளில் ஏறக்குறைய எல்லாமே அபகரிப்பிலோ படையெடுப்பிலோ தொடங்கியவை, யாரும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை என்கிறார். ஹாப்ஸையும் லாக்கையும் படித்த கையோடு அதைப் படியுங்கள், ஆறப்போட்டால் காரம் போய்விடும்.